எடைக்குப் போடச் சொல்பவர்களுக்கு

"இன்னுமா அந்த 207-ஐ வெச்சுக்கிட்டு இருக்கறீங்க மாமா? எடைக்குப் போட்டுட்டு புதுசா ஒண்ணு எடுத்துருங்க. இந்த வயசுல வண்டிக்கு அடியில படுத்துக் கெடக்கறது நல்லாவா இருக்குது?"

கல்யாணப் பந்தியில் பாயசம் வரும் நேரத்தில் என் தங்கை மகன் இப்படிக் கேட்டான். வண்டிக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். என் மேல் அக்கறை உள்ள பிள்ளை. அவன் சொன்னதைத்தான் டீக்கடையிலும் மண்டியிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் எல்லோரும் சொல்கிறார்கள். பழைய டீசல் வண்டி ஊரை நஞ்சாக்குகிறது. பதினைந்து வருஷம் தாண்டினால் சட்டப்படி ஓட்டக் கூடாது. ரிப்பேருக்குச் செலவழிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது. அதையும் வீட்டு வாசலில் நாமே பிரித்து மாட்டுவது விவரம் கெட்டவன் வேலை.

பந்தியில் வைத்துப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். இந்த நான்கில் ஒன்று பாதி உண்மை. மற்ற மூன்றும் அப்படியே பொய்.

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். டாடா 207 டி.ஐ., 2006 மாடல். அரவக்குறிச்சிப் பக்கம் எங்கள் முருங்கைத் தோட்டத்துக்கும் மண்டிக்கும் நடுவே ஓடுகிறது. திரும்பும்போது உர மூட்டையோ தட்டுக் கட்டோ ஏற்றி வரும். டாடா கம்பெனி 1988-ல் டாடாமொபைல் 206 என்று ஒரு பிக்கப்பைக் கொண்டுவந்தது. அந்த வம்சத்தில் பின்னால் வந்தது இது. 206-ல் இருந்தது 483 இன்ஜின், 207 டி.ஐ.யில் இருப்பது 497. முதல் இலக்கம் எத்தனை சிலிண்டர் என்று சொல்லும். அடுத்த இரண்டும் சிலிண்டரின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லும். நாலு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர், 100 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். கணக்குப் போட்டால் 2,956 சி.சி. லாரிக்காரர்கள் வாயில் ஒரு காலத்தில் ஓயாமல் புரண்ட 697-ம் இதே கணக்குதான், அது ஆறு சிலிண்டர். தன் உடம்பளவைப் பெயரிலேயே எழுதி ஒட்டிக்கொண்டு வந்த இன்ஜின் இது. இதில் பழுதும் அப்படித்தான் வரும். காதால் கேட்கலாம், கண்ணால் பார்க்கலாம், விரலால் தொட்டுச் சொல்லலாம்.

சட்டம் என்று பயமுறுத்துகிறார்களே, அதை முதலில் முடித்துவிடலாம். "பத்து வருஷ டீசல் வண்டி செல்லாது" என்பது டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள தலைநகரப் பகுதிக்கும் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் போட்ட உத்தரவு. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அங்கே பழைய வண்டிக்குப் பெட்ரோல் பங்கில் எண்ணெய் ஊற்றக் கூடாது என்று ஆரம்பித்து, மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள். தமிழ்நாட்டு வண்டிக்கு இந்த உத்தரவு பொருந்தாது. நாடு முழுவதற்குமாக 2021 ஆகஸ்டில் பிரதமர் தொடங்கிவைத்த வாகன அழிப்புக் கொள்கையும் வயதை மட்டும் பார்த்துத் தனியார் வண்டியை நசுக்கச் சொல்லவில்லை. தகுதிச் சோதனையில் தோற்ற வண்டியைத்தான் ஆயுள் முடிந்ததாக எடுத்துக்கொள்கிறது. பதினைந்து வருஷத்தோடு கட்டாயமாக ஓய்வு பெறுவது அரசாங்க வண்டிகள், அதுவும் 2023 ஏப்ரல் முதல்.

என்னுடையது சரக்கு வண்டி. எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனை காட்ட வேண்டும். பிரேக், விளக்கு, புகை, ஸ்டியரிங் ஆட்டம், அடித்தட்டுத் துரு எல்லாவற்றையும் பார்த்துத்தான் முத்திரை விழுகிறது. பசுமை வரியும் கட்டுகிறேன். வருஷம் ஒருமுறை தேர்வு எழுதித் தேறுகிறவனை, உனக்கு வயதாகிவிட்டது என்று பள்ளியை விட்டு அனுப்புவது என்ன நியாயம்? சோதனையைக் கடுமையாக்கட்டும், நான் கைதட்டுவேன். ஆனால் நடப்பது வேறு. 15 வருஷம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கும் அதே 5,000, புகை கக்கும் வண்டிக்கும் அதே 5,000. வண்டியைப் பேணுகிறவனுக்கு இதில் என்ன மரியாதை இருக்கிறது?

இனி அந்தப் பாதி உண்மை. புகை.

இதில் மழுப்ப மாட்டேன். 2005-ல் நாடு முழுக்க வந்த பி.எஸ்.-2 அளவுப்படி ஒரு டீசல் கார் கிலோமீட்டருக்கு 0.08 கிராம் நுண்துகள் விடலாம். 2020-ல் வந்த பி.எஸ்.-6 அளவில் அது 0.0045 கிராம். ஏறக்குறைய பதினெட்டில் ஒரு பங்கு. என் பிக்கப்புக்கான அளவு காரின் அளவே இல்லை என்றாலும் போக்கு அதுதான். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ பள்ளிக்கூட வாசல்களைக் கடந்து நாளெல்லாம் நின்று நின்று ஓடும் வண்டி பி.எஸ்.-6 ஆகவோ மின்சார வண்டியாகவோ இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. அந்தத் தெருவில் என் 207-ஐ ஓட்ட நானே ஒப்ப மாட்டேன்.

ஆனால் இந்த வாதத்தை வைப்பவர்கள், நான் வண்டியைக் கொடுத்துவிட்டால் அந்தப் புகை உலகத்தை விட்டே போய்விடும் என்பதுபோலப் பேசுகிறார்கள். எங்கே போகிறது? எங்கள் வட்டாரத்தில் 'எக்ஸ்சேஞ்ச்' என்று கொடுத்த எத்தனையோ பிக்கப்புகளைப் பிறகு செங்கல் சூளையிலும் கல்குவாரியிலும் பார்த்திருக்கிறேன். பேர் மட்டும் மாறியிருக்கும். என்னைவிடக் கையில் காசு குறைந்த ஒருவர் வாங்கியிருப்பார். டீசல் தூவும் நாசிலைப் பார்க்க அவரிடம் பணமும் இருக்காது, நேரமும் இருக்காது. முன்பு ஒன்றே கால் டன் ஏற்றிய வண்டியில் இரண்டு டன் ஏற்றுவார். என் வாசலில் அடங்கியிருந்த புகை அங்கே போய் வாய் திறக்கும். காற்றின் மேல் அக்கறை உள்ளவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

அதோடு, சாலையில் நாம் பார்த்து மூக்கைப் பொத்துகிற கரும்புகையில் பெரும்பகுதி வயதால் வருவது கிடையாது. டீசலுக்கு ஏற்ற காற்று சிலிண்டருக்குள் போகவில்லை, அல்லது காற்றுக்கு மேல் டீசல் போகிறது. அவ்வளவுதான் கரும்புகை. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், நாசில் பூவாகத் தூவாமல் ஒழுகிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் யாரோ பம்பு செட்டிங்கில் கை வைத்திருப்பார்கள். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. ரிங்கையும் வால்வு சீலையும் பார்க்க வேண்டும். சூடான பிறகும் வெள்ளையாக வந்தால் ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். புகைக்கு நிறம் உண்டு, நிறத்துக்கு அர்த்தம் உண்டு, அர்த்தத்துக்கு மருந்து உண்டு.

எனக்கே நடந்தது இது. ஏழெட்டு வருஷத்துக்கு முன் ஒரு பட்டறையில் கிளட்ச் மாற்ற விட்டேன். எடுத்து வந்தபோது வண்டி முன்னைவிட இழுத்தது, சந்தோஷப்பட்டேன். கரூர் மேம்பாலம் ஏறும்போது கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வந்தவர் தெரியவில்லை, அவ்வளவு கறுப்பு. "இழுவை கம்மியா இருந்துச்சு, ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏத்தி வெச்சேன்" என்றார் அந்த மெக்கானிக். நான் கேட்கவே இல்லை. டீசல் செலவு ஏறியது, ஆயில் வாரத்தில் கறுத்தது. பம்பைக் கழற்றி, பம்புக் கடையில் பெஞ்சில் ஏற்றிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஓய்ந்தது. பழைய வண்டிகளுக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுப்பது அந்த ஸ்க்ரூதான். எஃப்.சி.யிலும் புகைச் சோதனையிலும் என் வயது வண்டிக்கு அனுமதி 65 ஹார்ட்ரிட்ஜ் அளவு வரை. ஃபில்டரும் நாசிலும் பம்பும் ஒழுங்காக இருந்தால் அதற்கு வெகு கீழே நிற்க முடியும் என்பதை வருஷா வருஷம் கையில் வாங்கும் சீட்டு சொல்கிறது.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. வண்டி வந்த காலத்தில் டீசலில் பத்து லட்சத்துக்கு 500 பங்கு கந்தகம் இருந்தது. இன்று பங்கில் ஊற்றுவது 10 பங்கு. புது வண்டிக்காக வந்த இந்த எண்ணெய் பழைய இன்ஜினுக்கும் நன்மை செய்கிறது: கந்தகத்தால் வரும் துகள் குறைந்தது, ஆயிலில் அமிலம் சேர்வது குறைந்தது.

செலவுக் கணக்குக்கு வருகிறேன், மாப்பிள்ளையின் துறை என்பதால் அவன் கணக்கையே போடுகிறேன். எட்டு லட்சம் கடன், பத்து சதவீத வட்டி, ஐந்து வருஷம். மாதம் ஏறக்குறைய 17,000 ரூபாய். கட்டி முடிக்கும்போது 10 லட்சத்து 20 ஆயிரம் போயிருக்கும். முருங்கைக்காய் கிலோ பத்து ரூபாய்க்கு விழுகிற மாதத்திலும் அதே 17,000. பழைய வண்டியின் செலவு அப்படித் தேதி வைத்துக் கழுத்தைப் பிடிக்காது. டயர் தேய்வது தெரியும், கிளட்ச் வழுக்க ஆரம்பிப்பது தெரியும், பேட்டரி காலையில் முனகுவது தெரியும். கையில் பணம் வரும் மாதத்துக்கு வேலையைத் தள்ளி வைக்கலாம். பிரேக்கை மட்டும் தள்ளி வைக்கக் கூடாது. உதிரிக்கும் பஞ்சமில்லை, இதே 497 வம்சம்தான் 407-லும் ஓடியது. கரூரில் கிடைக்காதது நாமக்கல்லில் கிடைக்கும், அங்கும் கிடைக்காதது சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும்.

வீட்டில் வைத்து வேலை பார்ப்பது விவரம் கெட்ட வேலை என்கிறார்களே, அந்த வேலை எப்படி இருக்கும் என்று அருகில் வந்து பார்க்கட்டும்.

டீசல் ஃபில்டர் மாற்றிய பிறகு வண்டி உடனே எடுக்காது. லைனில் காற்று புகுந்திருக்கும். டீசலைப் போலக் காற்றை அழுத்தி நாசிலைத் திறக்க வைக்க முடியாது. பம்பு வீணாக மூச்சு விடும். ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டுக் கைப் பம்பை அடிக்க வேண்டும். முதலில் ஒன்றும் வராது. பிறகு சோப்பு நுரை மாதிரி வெள்ளையாகப் பொங்கும். அடித்துக்கொண்டே இருந்தால் நுரை குறைந்து, இடையிடையே ஒரு முட்டை உடையும். கடைசியில் நுரையே இல்லாமல் கண்ணாடி போல டீசல் வழியும். அந்த நொடியில், பம்பை விடாமல், மற்றொரு கையால் ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். அப்புறமும் எடுக்கவில்லையா, நாசிலுக்குப் போகும் பைப் நட்டுகளை லேசாகத் தளர்த்திச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். என் மகள் சாவியில் இருப்பாள். "விடு" என்றால் விடுவாள், "போடு" என்றால் போடுவாள். ஒவ்வொரு நட்டிலும் டீசல் துடித்து வெளியே வந்ததும் ஒவ்வொன்றாக முடுக்கினால், மூன்று சிலிண்டரில் நொண்டி எழுந்து நாலாவதில் நிமிரும். அந்தச் சத்தத்தைப் பதினாறு வயதுப் பெண் காது கொடுத்துக் கேட்டு, "அப்பா, இப்ப நாலும் அடிக்குது" என்று சொன்னாள். எந்தப் பட்டறையும் எனக்கு அதைத் தந்திருக்க முடியாது.

டேப்பட் வைப்பதும் அப்படியே. கிராங்கைக் கையால் சுற்றிக்கொண்டே நாலாவது சிலிண்டரைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு வால்வு மூடி மற்றொன்று திறக்கிற இடத்தில் ராக்கர் இரண்டும் லேசாக ஆடும். அந்த நேரம் முதல் சிலிண்டரின் இரண்டு வால்வும் முழுக்க மூடியிருக்கும். அங்கே கேஜைச் செருகி இடைவெளி வைக்கலாம். ஒன்றுக்கு நாலு, இரண்டுக்கு மூன்று ஜோடி. கேஜ் தகடு தாராளமாகவும் போகக் கூடாது, திணறவும் கூடாது. வெண்ணெயில் கத்தி இறங்குவது போல ஒரு பிடிப்போடு போக வேண்டும். இதற்கு லாப்டாப் வேண்டாம், வாடகை இடம் வேண்டாம். இன்ஜின் ஆறிய ஒரு விடியற்காலை போதும்.

எல்லாவற்றையும் வீட்டில் செய்யலாம் என்று சொல்ல நான் வரவில்லை. பம்பும் நாசிலும் பெஞ்ச் இருக்கும் கடைக்குப் போக வேண்டும். போர் அடிப்பதும் ஹெட் முகம் பார்ப்பதும் லேத்துக்காரர் வேலை. வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது; ஸ்டாண்டும், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டையும் வேண்டும். நாசில் தூவும் இடத்துக்கு முன்னால் கையைக் காட்டவே கூடாது. பழைய நாசிலே இருநூறு பார் அளவில் திறக்கிறது, டயரில் இருக்கும் காற்று அதில் ஐம்பதில் ஒரு பங்குதான். தோலைத் துளைத்து உள்ளே போகும் டீசல் ஊசி குத்தியது போலத்தான் தெரியும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே எடுக்க நேரும். இந்த எல்லைகள் தெரிந்தவனைத்தான் விவரம் தெரிந்தவன் என்கிறேன். பட்டறையில் விட்டுவிட்டுச் சாவி வாங்கி வருகிறவருக்கு இந்த எல்லைகள் தெரிய வாய்ப்பே இல்லை.

மாற்றிக் கட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் பழைய பிக்கப் என்றாலே மாடிஃபை செய்து அலப்பறை பண்ணுகிற கூட்டம் என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை அழுத்திச் சொன்னது. அது சரியான சட்டம் என்றே நினைக்கிறேன். பாரம் கூட ஏற்றுவதற்காகப் பின் பட்டையில் இரண்டு பட்டை சேர்ப்பவர்களைப் பார்க்கிறேன். பட்டை தாங்கும். அச்சு அதே அச்சு, பிரேக் அதே பிரேக். இறக்கத்தில் அந்த வண்டிக்கு முன்னால் போகிறவரின் உயிருக்கு யார் பொறுப்பேற்பது? சைலன்சரை அறுத்துச் சத்தம் கூட்டுகிறவர்களும், ஸ்க்ரூவை ஏற்றிக் கரும்புகை காட்டுகிறவர்களும் எங்கள் கட்சி கிடையாது.

நான் சேர்த்தவை சிறியவை. டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவே தண்ணீர் பிரிக்கிற கிண்ணம் ஒன்று. மழைக்காலத்தில் அதன் அடியில் நிற்கும் நீரைப் பார்த்தால் பம்பு எதிலிருந்து தப்பியது என்று புரியும். முன் விளக்குக்கு ரிலே. பழைய ஒயரிங்கில் விளக்கின் மொத்த மின்சாரமும் ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்ச் வழியாகச் சுற்றிவரும். வழியிலேயே பாதி வலு போய் விளக்கு மஞ்சளாக அழும். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் போட்டு ரிலே வழியாகத் தடித்த ஒயர் இழுத்தேன். பல்பு அதேதான், வெளிச்சம் மட்டும் வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு மண்டிக்குப் போகிறவனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு என்ன இருக்கிறது?

புது வண்டியோடு எனக்குப் பகை இல்லை. பி.எஸ்.-6 வண்டியின் சுத்தம் உண்மையானது, அதைச் சாதித்தவர்கள் கெட்டிக்காரர்கள். என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த வண்டியில் ஒரு விளக்கு எரிந்தால் என்ன பழுது என்று உரிமையாளருக்கு வண்டி சொல்லாது; ஸ்கேனர் வைத்திருப்பவருக்குத்தான் சொல்லும். புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் அவ்வப்போது சூடேறிக் கரியை எரித்துக்கொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும். தோட்டத்துக்கும் மண்டிக்குமாகக் குட்டி நடையே போகும் வண்டியில் அது அடைத்துக்கொள்கிறது. மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்கு ஒரு குழு அமைத்து, அதில் வாகனத் துறையையும் சேர்த்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென இணைய வாசலும் திறந்தது. அந்த உரிமை சட்டமாக வந்து, மேனுவலும் ஸ்கேனரும் உதிரியும் ஊர் மெக்கானிக்குக்கும் எனக்கும் நியாய விலையில் கிடைக்கும் நாளில், புது வண்டியை வாங்கச் சொல்லி நானே பிரசாரம் செய்வேன்.

யாழ்ப்பாணத்தில் 1990-களில் பொருளாதாரத் தடை இருந்தபோது, சில துளி பெட்ரோலில் எடுத்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், மோரிஸ் மைனரையும் ஆஸ்டினையும். அவை பெட்ரோல் கார்கள், என் வண்டிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி ஓடியே ஆகவேண்டிய நாளில் அதை ஓட வைத்தது, வீட்டு முற்றத்தில் கார்புரேட்டரைப் பிரித்துப் பழகிய கைகள். அந்தக் கைகளை விவரம் கெட்டவை என்று யாராவது சொல்லத் துணிவார்களா?

மாப்பிள்ளை, அடுத்த மாதம் பத்தாம் தேதி என் வண்டிக்கு எஃப்.சி. பிரேக் லைனிங் மாற்றியாயிற்று, நாசில் பெஞ்ச் பார்த்து வந்துவிட்டது. இடது பக்க டை ராட் எண்டில் மட்டும் லேசான ஆட்டம் தெரிகிறது, சக்கரத்தைத் தூக்கிவிட்டு இரண்டு கையால் அசைத்தால்தான் பிடிபடும் அளவுக்கு. புதன்கிழமை கரூர் போய் வாங்கி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மாட்டப்போகிறேன். லீவுதானே, வா.